அறிமுகமும் மூலதனமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஜேம்ஸ் வாற் என்ற பெயரைக் கேட்டதும், கொதிக்கும் கேத்தலின் மூடி எழுந்து தாழ்வதை வியந்து நோக்கும் சிறுவன் ஒருவனே நம்மிற் பலரின் மனக்கண் முன் தோன்றுவான். அக்கதை உண்மையாயினும் புனைவாயினும், அது ஒரு நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாகப் பரப்பிவந்துள்ளது. அறிவுக்கூர்மை படைத்த ஒருவனுக்குப் புதிய எண்ணம் ஒன்று உதிக்கிறது. அவ்வெண்ணம் உலகை மாற்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கூறத்தக்கது எதுவுமில்லை என்பதே அந்நம்பிக்கை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியையும் நாம் இவ்வாறே பொருள்கொண்டு வருகிறோம். ஆனால் வாற்றின் வாழ்க்கையை ஊன்றி நோக்குவோமாயின், எண்ணம் தோன்றிய 1765ஆம் ஆண்டுக்கும், அவ்வெண்ணத்தின்படி அமைந்த இயந்திரங்கள் முதன்முதலாகத் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட 1776ஆம் ஆண்டுக்கும் இடையிலே பதினோர் ஆண்டுகள் கிடப்பதைக் காண்போம். அப்பதினோர் ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் பணத்தின் வரலாறு ஆகும். இன்னும் நுணுகிக் கூறின், பணமுடையோரிடம் வாற்றை அழைத்துச் சென்றோரின் வரலாறு ஆகும்.

நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சி என உற்பத்திக் காரணிகளை நான்காக வகுத்தல் பொருளியல் மாணவர் யாவரும் அறிந்ததொன்று. மூலதனமும் முயற்சியும் ஒன்றையொன்று எவ்வாறு கண்டுகொள்கின்றன என்ற வினாவுக்கு அப்பாகுபாட்டிலே விடையில்லை. பணமுடையவன் ஓரிடத்தில் இருக்கிறான். புதியது செய்ய விழைபவன் வேறோரிடத்தில் இருக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இவ்விருவருக்கும் நடுவே நின்று, இருவராலும் நம்பப்படும் மூன்றாமவன் ஒருவன் கூறும் சொல்லையே நாம் அறிமுகம் என்கிறோம். புதிய முயற்சிகளின் வரலாற்றில் இம்மூன்றாமவன் வகித்த இடத்தை மூன்று நிகழ்ச்சிகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவிலும், இரண்டாவது இருபதாம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவிலும் நிகழ்ந்தவை. மூன்றாவது குடியேற்ற ஆட்சிக்காலக் கொழும்புக்கு உரியது. முதலிரண்டும் அறிமுகம் எதனைச் செய்யவல்லது என்பதைக் காட்டுவன. மூன்றாவது அதன் எல்லையைக் காட்டுவது.

வாற் 1736ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிறீனொக் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தவர். இலண்டன் நகரிலே ஏறத்தாழ ஓராண்டு கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைப் பயின்று திரும்பிய அவர், கிளாஸ்கோவிலே தொழில் நடத்த விரும்பினார். விதிக்கப்பட்ட பயிற்சிக் காலத்தை முடிக்காத ஒருவர் நகர எல்லைக்குள்ளே கடை திறப்பதற்கு அங்கிருந்த கைவினைஞர் சங்கம் இடங்கொடுக்கவில்லை என்பர். சங்கம் அடைத்த கதவைப் பல்கலைக்கழகம் திறந்தது. 1757ஆம் ஆண்டு கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் தன் வளவினுள்ளேயே அவருக்குப் பட்டறை ஒன்றை அளித்தது. பட்டம் எதுவும் பெறாத அக்கைவினைஞரின் பட்டறைக்குப் பேராசிரியரும் மாணவரும் வந்து போயினர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரே மறைவெப்பம் பற்றிய ஆய்வுகளாற் புகழ்பெற்ற ஜோசப் பிளாக்.

1763-64ஆம் ஆண்டுகளிலே பல்கலைக்கழகத்துக்கு உரிய நியூகொமன் நீராவி இயந்திரத்தின் மாதிரியுரு ஒன்று திருத்தத்துக்காக வாற்றிடம் வந்தது. அவ்வியந்திரத்தின் ஒவ்வோர் அடிப்பின்போதும் உருளை நீராவியாற் சூடாக்கப்பட்டு, பின்னர் குளிர்நீராற் குளிர்விக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் குளிர்ந்த உருளையைச் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாகியது. 1765ஆம் ஆண்டு வாற் இதற்குத் தீர்வு கண்டார். நீராவியை உருளையினுள்ளே ஒடுக்காது, அதனோடு இணைந்த வேறொரு கலத்தில் ஒடுக்கினால் உருளை என்றும் சூடாகவே இருக்கும். கலம் என்றும் குளிர்ந்தேயிருக்கும். தனி ஒடுக்கி எனப்படும் இவ்வெண்ணம் மிக எளிதானது. ஆயினும் அதனை ஒரு பெரிய இயந்திரமாக்குவதற்கு வேண்டிய பணம் எளிதிற் கிடைப்பதாயிருக்கவில்லை.

பணம் அக்காலக் கிளாஸ்கோவில் இல்லாமலில்லை. வேர்ஜினியாப் புகையிலை வாணிபத்தால் அந்நகர வணிகர் பெருஞ்செல்வராகிக் கொண்டிருந்த காலம் அது. ஆனால் வாற்றின் இயந்திரத்துக்கு முதலில் உதவிய பணங்களுள் ஒன்று பேராசிரியர் பிளாக்கின் சொந்தப் பணமே. ஆசிரியர் ஒருவரின் சேமிப்பு நெடுந்தூரம் செல்லாது என்பதை உணர்ந்த பிளாக், தமக்குத் தெரிந்த ஜோன் றோபக் என்பாரிடம் வாற்றை அறிமுகப்படுத்தினார்.

இவ்வறிமுகத்தின் தன்மை நுணுகி நோக்கத்தக்கது. றோபக் வெறும் செல்வர் மட்டும் அல்லர். எடின்பரோவிலும் லெய்டனிலும் மருத்துவம் கற்றவர். ஈய அறைகளிலே சல்பூரிக்கமிலத்தைப் பேரளவில் உற்பத்தி செய்யும் முறையைத் தொடக்கியவர். 1759இல் நிறுவப்பட்ட கறன் இரும்பாலையின் தாபகர்களுள் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் குத்தகைக்கு எடுத்திருந்த நிலக்கரிச் சுரங்கங்களிலே நீர் பெருகிக் கொண்டிருந்தது. இருந்த இயந்திரங்களால் அந்நீரை இறைத்து முடிக்க இயலவில்லை. வாற்றிடம் மருந்து இருந்தது. றோபக்கிடம் நோய் இருந்தது. இரண்டையும் அறிந்திருந்தவர் பிளாக். அன்றியும், தம் கைப்பணத்தை ஏற்கனவே அம்முயற்சியில் இட்டிருந்தமையால் அவருடைய சொல்லுக்குத் தனி நிறை இருந்தது. வாற்றுக்கு இருந்த ஏறத்தாழ 1,000 பவுண் கடனையும் ஆக்கவுரிமை பெறும் செலவையும் றோபக் ஏற்றார். அதற்கு ஈடாக அவ்வுரிமையின் மூன்றில் இரு பங்கைப் பெற்றார். 1769ஆம் ஆண்டு சனவரியில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது.

எனினும் றோபக்கின் செல்வம் அவருடைய சுரங்கங்களுக்குள்ளேயே அமிழ்ந்து கொண்டிருந்தது. வாற் தம் குடும்பத்தைக் காக்கக் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் தொழிலிற் காலங் கழித்தார். பேரம் பேசுவதையும் கணக்குத் தீர்ப்பதையும் அவர் எவ்வளவு வெறுத்தார் என்பதை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. இத்தகைய ஒருவர் தாமாகச் சென்று செல்வர்களின் கதவைத் தட்டியிருப்பார் என எதிர்பார்த்தல் இயலாது. இந்நிலையிலேதான் இரண்டாவது அறிமுகத் தொடர் ஒன்று அவருக்கு வாய்த்தது.

அத்தொடரின் முதற்கண்ணி அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் ஆவார். வேர்ஜினியாவில் வில்லியம் அன்ட் மேரி கல்லூரியிலே கற்பித்து, தோமஸ் ஜெபர்சனுக்கு ஆசிரியராயும் விளங்கிய வில்லியம் சிமோல் என்ற ஸ்கொத்லாந்தியர் 1764இல் பிரித்தானியா திரும்பினார். 1765ஆம் ஆண்டு பிராங்கிளின் அவரை அறிமுகப்படுத்தி, பேர்மிங்ஹாம் நகரின் தொழிலதிபர் மத்தியூ போல்ற்றனுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். சிமோல் அந்நகரிலே மருத்துவராக அமர்ந்து, போல்ற்றனின் நெருங்கிய நண்பரானார். பின்னாளிலே சந்திரச் சங்கம் எனப் பெயர்பெற்ற அறிஞர் வட்டத்தின் உயிர்நாடியாகவும் அவர் விளங்கினார். 1767இல் இலண்டன் சென்று திரும்பும் வழியில் வாற் போல்ற்றனின் சோகோத் தொழிற்சாலையைக் காணச் சென்றபோது போல்ற்றன் ஊரில் இல்லை. அவரை வரவேற்றவர்களுள் சிமோலும் ஒருவர். அடுத்த ஆண்டு வாற் மீண்டும் சென்றபோது போல்ற்றனை நேரிற் சந்தித்தார். போல்ற்றனுக்கும் ஒரு தேவை இருந்தது. பொத்தான்களும் வெள்ளிப் பாத்திரங்களும் செய்த அவருடைய ஆலையின் பொறிகள் நீர்ச்சில்லை நம்பியிருந்தன; வரண்ட காலத்தில் ஓடையில் நீர் போதவில்லை.

1769இல் றோபக், இங்கிலாந்தின் மத்திய பகுதியைச் சேர்ந்த மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் இயந்திரம் செய்யும் உரிமையைப் போல்ற்றனுக்குத் தர முன்வந்தார். போல்ற்றன் மறுத்துவிட்டார். மூன்று மாவட்டங்களுக்காகச் செய்வது தமக்குப் பயன்தராது என்றும், உலகம் முழுவதற்கும் செய்வதாயின் அது தகுந்த தொழில் என்றும் வாற்றுக்கு எழுதினார். தொழில்நுட்ப வரலாற்றிலே இம்மறுப்பு ஒரு திருப்புமுனை எனலாம். அறிமுகம் செய்யப்பட்டவர் கேட்டதைக் கொடுக்கவில்லை; கேள்வியையே பெரிதாக்கினார்.

1773ஆம் ஆண்டு றோபக் வங்குரோத்து நிலையை அடைந்தார். அவர் போல்ற்றனின் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 1,200 பவுண். அதற்கு ஈடாக வாற்றின் ஆக்கவுரிமையில் றோபக்குக்கு இருந்த பங்கைப் போல்ற்றன் பெற்றுக்கொண்டார். ஏனைய கடன்கொடுத்தோர் அதனை ஒரு காசுக்கும் பெறாத சொத்தாகவே கருதினர். ஒரே பொருளைக் கண்ட இரு சாராருள் ஒரு சாரார் அதிலே பயனற்ற காகிதத்தைக் கண்டனர். போல்ற்றன் எதிர்காலத்தைக் கண்டார். இருசாராரையும் வேறுபடுத்தியது பணத்தின் அளவு அன்று. போல்ற்றனுக்கு அருகில் ஆண்டுக்கணக்காக ஒரு சிமோல் இருந்தார். மற்றையோருக்கு அருகில் அத்தகைய ஒருவர் இருக்கவில்லை.

வாற் 1774இல் பேர்மிங்ஹாமிற் குடியேறினார். 1775இல் பாராளுமன்றம் ஆக்கவுரிமையை 1800ஆம் ஆண்டுவரை நீடித்தது. போல்ற்றன் - வாற் பங்குடைமை தொடங்கியது. பீரங்கிகளைத் துல்லியமாகத் துளைப்பதற்கு ஜோன் வில்கின்சன் 1774இல் ஆக்கவுரிமை பெற்ற முறை, சரியான உருளைகளை வார்த்துத் துளைக்கும் சிக்கலைத் தீர்த்தது. 1776இல் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலும் வில்கின்சனின் ஊதுலையிலும் புதிய இயந்திரங்கள் இயங்கின. பழைய இயந்திரத்தோடு ஒப்பிடுமிடத்து மிச்சமாகும் எரிபொருளின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கையே பங்காளிகள் கட்டணமாகக் கேட்டனர். இவற்றுள் எதனையும் காண்பதற்குச் சிமோல் உயிருடன் இருக்கவில்லை. பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1775ஆம் ஆண்டு பெப்ரவரியில், அவர் காலமானார். போல்ற்றன் - வாற் என்ற இணைப்பெயரிலே சிமோலின் பெயருக்கோ பிளாக்கின் பெயருக்கோ இடமில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து மூன்று உண்மைகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, அறிமுகம் செய்தவர்கள் தாம் அறிமுகஞ் செய்த பொருளை விளங்கிக்கொண்டவர்கள். இரண்டாவது, அவர்கள் தமக்குரிய ஒன்றைப் பணயம் வைத்தவர்கள். பிளாக் தம் பணத்தை வைத்தார், சிமோல் தம் நட்பை வைத்தார். மூன்றாவது, அவர்களின் அறிமுகம் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடவில்லை. வாற்றுக்கும் போல்ற்றனுக்கும் இடையே பங்குடைமை அமைவதற்கு ஏழு ஆண்டுகள் சென்றன. மனஞ்சோர்ந்த வாற்றுக்குக் கடிதங்கள் எழுதியெழுதி அவ்வுறவை அறாமற் காத்தவர் சிமோல்.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கைத்தொழிலின் மையம் அத்திலாந்திக் கடலைக் கடந்துவிட்ட காலத்தில், இதே நாடகம் வேறொரு மேடையில் அரங்கேறியது. 1956ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற வில்லியம் ஷொக்லி, கலிபோர்னியாவிலே குறைகடத்தி ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து இளம் விஞ்ஞானிகள் பலரைச் சேர்த்திருந்தார். அவருடைய நிருவாக முறையைச் சகிக்கவியலாத எண்மர் 1957இல் விலக எண்ணினர். றொபேட் நொய்ஸ், கோடன் மூர், இயூஜின் கிளைனர் ஆகியோர் அவர்களுட் சிலர். கிளைனரின் தந்தைக்கு நியூயோர்க்கிலுள்ள ஹெய்டன் ஸ்ரோன் என்னும் பங்குத்தரகு நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அத்தொடர்பைப் பற்றிக்கொண்டு கிளைனர் அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அக்கடிதம் கேட்டது யாது? தம் குழுவினரைப் பிரிக்காது ஒருங்கே வேலைக்கு அமர்த்தக்கூடிய கம்பனி ஒன்றைத் தேடித்தருமாறே அது கேட்டது. கலிபோர்னியாவின் குறைகடத்தித் தொழிலுக்கு அடித்தளமாக அமைந்த கடிதம் ஒரு வேலை விண்ணப்பமாக இருந்தது என்பது வியப்புக்குரியது. அது ஆதர் றொக் என்ற இளைஞரின் கைக்கு வந்தது. திரான்சிற்றர் செய்யும் கம்பனி ஒன்றுக்கு முன்னர் நிதி திரட்டியிருந்தமையால், கடிதத்தின் பொருள் அவருக்கு விளங்கியது. அவரும் அவருடைய மேலாளரும் சான்பிரான்சிஸ்கோ சென்று எண்மரையும் கண்டனர். வேலை தருவோரைத் தேடவேண்டாம், நீங்களே ஒரு கம்பனியைத் தொடங்குங்கள் என்றனர். மூன்று மாவட்டங்களைக் கேட்டவருக்குப் போல்ற்றன் உலகத்தைக் காட்டியதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது.

பின்னர் நிகழ்ந்தது நல்லறிமுகத்துக்கும் எளிதில் வழி திறப்பதில்லை என்பதைக் காட்டுகிறது. றொக் முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகளை நாடினார்; அனைத்தும் மறுத்தன. வெளியார் சிலருக்குத் தனிக் கம்பனியும் பங்கும் கொடுத்தால் தம் சொந்த ஊழியரிடையே மனக்கசப்பு எழும் என்பது அவை கூறிய தடைகளுள் ஒன்று. இறுதியிலே ஷேர்மன் பெயர்சைல்ட் என்பாரை அவர்கள் சென்றடைந்தனர். அவர் தாமே ஆகாயப் படப்பிடிப்புக் கமராவை உருவாக்கிய கண்டுபிடிப்பாளர்; தந்தை வழியாக ஐ.பி.எம். கம்பனியின் பெரும் பங்குகளையும் பெற்றவர். அவருடைய கம்பனி ஏறத்தாழ 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலரை அளிக்க முன்வந்தது. புதிய நிறுவனத்தை 30 இலட்சம் டொலருக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் வைத்துக்கொண்டது. இங்ஙனம் பெயர்சைல்ட் குறைகடத்திக் கம்பனி உதயமாயிற்று.

1968இல் நொய்சும் மூரும் அதிலிருந்து விலகி இன்ரெல் கம்பனியைத் தொடங்கியபோது, அதே றொக் 25 இலட்சம் டொலரை ஓரிரு நாட்களுக்குள்ளே திரட்டிக் கொடுத்தார். முன்னர் முப்பதுக்கு மேற்பட்ட கதவுகள் அடைபட்டிருந்தன. பதினோர் ஆண்டுகளின் பின் தொலைபேசி அழைப்புகளே போதியனவாயின. இடையில் நிகழ்ந்த மாற்றம் யாது? முதலில் அறியப்படாதிருந்தவர்கள் இப்போது அறியப்பட்டவர்களாயிருந்தனர். அறிமுகத்தின் பயன் ஒரு முறையோடு தீர்ந்துவிடுவதில்லை. அது சேமிப்பைப் போல வளர்ந்து செல்வது.

அவ்வளர்ச்சியின் அடுத்த கட்டத்தை 1976-77ஆம் ஆண்டுகளில் அப்பிள் கம்பனியின் தொடக்கத்திற் காணலாம். ஸ்ரீவ் ஜொப்ஸ் முதலில் அணுகிய முதலீட்டாளர்களுள் ஒருவரான டொன் வலன்ரைன் அப்போது பணம் தர இணங்கவில்லை. ஆனால் மைக் மார்க்குலா என்பாரின் பெயரைக் கூறினார். மார்க்குலா 2,50,000 டொலர்வரை முதலீடாகவும் கடனுக்கான பொறுப்பாகவும் ஏற்று, கம்பனியின் பங்காளியுமானார். பின்னர் ஆதர் றொக்கும் அதில் முதலிட்டார். பணம் தர மறுத்தவரே அறிமுகம் செய்தவராகவும் ஆனார் என்பது ஒரு சிறப்பு. வலன்ரைன், மார்க்குலா இருவரும் பெயர்சைல்ட் குறைகடத்திக் கம்பனியிற் பணியாற்றியவர்கள் என்பதும் றொக் அக்கம்பனியின் பிறப்புக்கே காரணமானவர் என்பதும் அதனினும் முக்கியமானவை. கிளைனர் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்குள் ஒரு வட்டம் உருவாகியிருந்தது.

வட்டம் என்ற சொல்லை இங்கு ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு வட்டம் உறவு. வெளியே நிற்பவனுக்கு அதே வட்டம் மதில். கிளைனரின் கடிதம் படிக்கப்பட்டதற்கு முதற்காரணம் அவருடைய தந்தை அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதே. அதே திறமையும் அதே கடிதமும் கொண்டு, தந்தை வாடிக்கையாளராக இல்லாத ஒருவர் இருந்திருப்பின் அவர் கதி என்ன? வாற்றுக்குப் பட்டறை கொடுத்த கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திலே அக்காலத்தில் பெண்கள் மாணவராகச் சேர இயலாது. சந்திரச் சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் ஆண்களே. வரலாறு வென்றவர்களின் அறிமுகக் கடிதங்களையே பேணி வைத்துள்ளது. எழுதப்படாத கடிதங்களுக்கு ஆவணக் காப்பகம் இல்லை.

இம்மதிலின் தன்மையை விளங்கிக்கொள்ள நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. குடியேற்ற ஆட்சிக்காலக் கொழும்பிலே அது மிகத் தெளிவான வடிவத்தில் நின்றது. அங்கிருந்த பிரித்தானிய வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதி இறக்குமதி நிறுவனங்களுக்கும் பணியாற்றுவதற்கென அமைந்தவை. உள்நாட்டவரை அவ்வங்கிகளின் முகாமையாளர் அறியார், அறிய முயன்றாருமல்லர். இவ்விடைவெளியை நிரப்பியவர் சிறாப்பர் எனப்பட்ட உத்தியோகத்தர். பொதுவாக நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்த இவர், கடன் கேட்டு வருவோரின் நாணயத்தை வங்கிக்கு எடுத்துரைத்தார். அவர் சொல் வெறுஞ் சொல்லாக இருக்கவில்லை. தாம் பரிந்துரைத்தவர் கடனைத் திருப்பாதவிடத்து அதற்குத் தாமே பொறுப்பேற்கும் பிணையாளராகவும் அவர் இருந்தார். செட்டியார் தெருவின் வணிகர் சிறாப்பரின் பிணையிலே வங்கியிற் கடன்பெற்று, தம் சொந்த முதலோடு சேர்த்து, உயர்ந்த வட்டிக்கு இலங்கையருக்குக் கடன் கொடுத்தனர்.

பணயம் வைத்தல் என்ற அளவுகோலாற் பார்த்தால் சிறாப்பரின் அறிமுகம் பிளாக்கின் அறிமுகத்தினும் வலியது. அவ்வாறாயின், அம்முறையிலிருந்து ஒரு வாற்றும் ஒரு போல்ற்றனும் தோன்றாமைக்குக் காரணம் என்ன? குடியேற்றப் பொருளாதாரத்தின் அமைப்பே முதன்மையான காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிமுகத்தின் உள்ளடக்கமும் ஒரு காரணமாகும். சிறாப்பர் உறுதிகூறியது கடன் திரும்பி வரும் என்பதை மட்டுமே. ஒருவனுடைய குடும்பம் எது, நிலபுலம் எவ்வளவு, முன்னைய கடன்களை ஒழுங்காகத் தீர்த்தானா என்பனவே அவர் எடைபோட்டவை. அவன் செய்யப்போவது யாது என்ற வினாவுக்கு அங்கு இடமிருக்கவில்லை. எனவே பணம் வாணிபத்தையும் காணியையும் நாடிச் சென்றது. முன்பின் கண்டறியாத முயற்சியை நாடிச் செல்லவில்லை. இதற்குச் செட்டியார் சமூகத்தைக் குறைகூறுதல் நியாயமாகாது. அவர்களும் வங்கிகள் வகுத்த விதிக்குள் நின்றே தொழில் செய்தனர். அவர்கள் இல்லாதிருந்தால் இலங்கையர் பலருக்கு அக்கடன்தானும் கிடைத்திராது.

ஒற்றைப் பாலத்தை நம்பிய ஊரின் இடர், அப்பாலம் ஆடியபோது தெரிந்தது. 1925ஆம் ஆண்டளவிலே செட்டியார் நிறுவனங்கள் சில முறிவுற்றதும் வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கத் தொடங்கின. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நிலைமையை மேலும் கெடுத்தது. வங்கிகள் செட்டியாரை நெருக்கின. செட்டியார் கடன்பட்டோரை நெருக்கினர். ஈடு வைத்த காணிகள் கைமாறின. 1934ஆம் ஆண்டு இந்திய வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையிலே அமைந்த வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. அரசின் ஆதரவுடன் உள்நாட்டு வங்கி ஒன்று வேண்டும் என்ற கருத்தின் விளைவாக 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அறிமுகமில்லாதவனுக்கும் ஒரு கதவு வேண்டும் என்ற கோரிக்கை இங்கு நிறுவன வடிவம் பெற்றது எனலாம்.

எனினும் நிறுவனம் அமைந்துவிட்டால் அறிமுகம் தேவையற்றதாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. வங்கிக் கடனுக்கு இரண்டு பிணையாளரைத் தேடி அலைந்த அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. சிறாப்பர் மறைந்தபின்னும் சிறாப்பரின் வினா மறையவில்லை. அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. தமக்குத் தெரிந்தவர் வாயிலாக வராத திட்டங்களை முதலீட்டாளர் பொருட்படுத்துவது அரிது என்ற எண்ணம் அங்கு ஆழ வேரூன்றியது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வை கொம்பினேற்றர் என்னும் நிறுவனம் இதற்கு ஒரு மாற்று வழியை முயன்றது. எவரும் விண்ணப்பிக்கலாம், தெரிவுசெய்யப்பட்டோருக்குச் சிறுதொகையும் சில மாத வழிகாட்டலும் அளிக்கப்படும், முடிவில் அவர்கள் முதலீட்டாளர் பலரின் முன்னிலையில் ஒருங்கே நிறுத்தப்படுவர். அறிமுகம் இங்கு ஒழிக்கப்படவில்லை. அறிமுகஞ் செய்யும் பணியை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அப்பணிக்குள் நுழைவதற்கு மற்றோர் அறிமுகம் வேண்டாம் என்றது. அந்நிறுவனமும் விண்ணப்பத்தைப் படித்து விளங்கிக்கொள்கிறது. தன் பணத்தையும் இடுகிறது. ஜோசப் பிளாக் செய்தனவும் இவ்விரண்டுமே.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து அறிமுகத்தை மூவகைப்படுத்தலாம். பெயரை மட்டும் எடுத்துச் செல்வது ஒரு வகை. அதனால் வரும் நன்மை சிறிது. கடன் திரும்பும் என உறுதிகூறுவது இரண்டாவது வகை. அது இருப்பதைப் பெருக்கவல்லது, இல்லாததை ஆக்கவல்லதன்று. செய்யப்படுவது யாது என்பதை விளங்கி, அது யாருக்கு வேண்டும் என்பதை அறிந்து, தன் பெயரையும் அதனோடு பிணைப்பது மூன்றாவது வகை. புதியன தோன்றிய இடங்களிலெல்லாம் மூன்றாவது வகை அறிமுகமே செயற்பட்டிருக்கக் காண்கிறோம்.

இம்மூன்றாவது வகைக்குப் பல்கலைக்கழகத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. பிளாக்கும் சிமோலும் ஆசிரியர்கள் என்பது தற்செயலன்று. பொருளை விளங்கும் அறிவும், இலாபத்தை நேரடியாக நாடாத நிலையும், பல திசைகளிலும் பரந்த மாணவர் தொடர்பும் ஆசிரியருக்கு இயல்பாகவே வாய்க்கின்றன. நம் விரிவுரையாளர்கள் ஆண்டுதோறும் எத்தனையோ நற்சான்றுப் பத்திரங்களில் ஒப்பமிடுகின்றனர். நன்னடத்தையும் ஊக்கமும் உடையவர் என்னும் வழக்கமான வாசகம் முதல்வகை அறிமுகத்தைச் சேர்ந்தது. மாணவன் செய்ததை ஒருமுறை நேரிற் பார்த்து, அதனை வேண்டி நிற்கும் ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்லும் ஆசிரியரே பிளாக்கின் மரபைச் சார்ந்தவர். செல்வர் குடும்பத்து மாணவனுக்கு அவன் தந்தை அப்பணியைச் செய்துவிடுவார். தந்தைக்கு எந்த நிறுவனத்திலும் கணக்கில்லாத கிராமத்து மாணவனுக்குத் தன் ஆசிரியரையன்றி வேறு பிராங்கிளின் இல்லை.

மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. பணம் யாரிடம் இருக்கிறது என்று தேடியிருந்தால் வாற் புகையிலை வணிகரின் வாயில்களிலேயே நின்றிருப்பார். பிளாக் அவரைச் சுரங்கத்தில் நீர் நிறைந்த ஒருவரிடம் அழைத்துச் சென்றார். முதலீட்டாளரைத் தேடிப் புறப்படும் இளைஞன் தன் ஆசிரியரிடம் முதலிற் கேட்கவேண்டியது, இத்தகைய சுரங்கம் உங்களுக்குத் தெரிந்தவருள் யாரிடம் உண்டு என்பதையே.